கடலூர் சிப்காட்டில் ஒரு செமஸ்டர்: அறை புதுச்சேரியிலா, முதுநகரிலா?

சேலத்தில் வேதிப் பொறியியல் கடைசி வருடம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஜனவரியில் தொடங்கும் செமஸ்டர் முழுக்க அவருக்குக் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில், மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஓர் ஆலையில் இன்டர்ன்ஷிப். கூட வகுப்புத் தோழர்கள் இரண்டு பேர் வருகிறார்கள், அவர்களில் ஒருவர் மாணவி. மூவருக்கும் இந்தப் பக்கம் யாரையும் தெரியாது. "புதுச்சேரியில் ரூம் எடு, பஸ்ஸில் போய்வா, ஊரும் நன்றாக இருக்கும்" என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். எங்கே தங்குவது, ஆலையில் எதைக் கற்றுக்கொள்வது, எதில் கவனமாக இருப்பது என்பதுதான் கேள்வி.

நேராகச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி வேண்டாம். கடலூர் முதுநகரில் அறை பாருங்கள். அங்கே சரியாக அமையாவிட்டால் திருப்பாதிரிப்புலியூர். அலைச்சலும் பஸ் செலவும் மட்டும் காரணம் என்றால் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். ஓர் ஆலையில் உள்ளது உள்ளபடி பேசப்படும் நேரம் ஒரு நாளில் மிகவும் கொஞ்சம். அந்த நேரத்தில் நீங்கள் அங்கே நிற்க வேண்டும். நான் இந்த சிப்காட்டில் உற்பத்திப் பிரிவில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். வருடந்தோறும் மாணவர்கள் வந்து போனார்கள். அவர்களில் யார் உண்மையில் எதையாவது கற்றுக்கொண்டு போனார்கள் என்று யோசித்தால், மதிப்பெண்ணோ கல்லூரியின் பெயரோ நினைவுக்கு வருவதில்லை. அவர்கள் எத்தனை மணிக்கு ஆலைக்குள் இருந்தார்கள் என்பதுதான் நினைவுக்கு வருகிறது.

முதலில் ஊர் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். வெளியூர்க்காரர்களுக்குக் கடலூர் ஒரே ஊர். இங்கே இருப்பவர்களுக்கு அது இரண்டு ஊர். வடக்கே புதுநகர், தெற்கே முதுநகர். பேச்சில் என்.டி., ஓ.டி. என்பார்கள். கலெக்டர் அலுவலகம் உள்ள மஞ்சக்குப்பமும், பஸ் ஸ்டாண்ட் உள்ள திருப்பாதிரிப்புலியூரும் புதுநகர்ப் பக்கம். கண்டக்டர் "திருப்பாப்புலியூர்" என்று கூவினால் அது இந்த ஊர்தான். துறைமுகம், பழைய கடைத்தெரு, ரயில் சந்திப்பு எல்லாம் முதுநகரில். முதுநகரையும் தாண்டிச் சிதம்பரம் சாலையில் தெற்கே போனால் குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் என்று வரும். உப்பனாற்றை ஒட்டி, 1980-களில் வந்த தொழிற்பேட்டை அங்கேதான் இருக்கிறது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். புதுச்சேரியில் இருந்து கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குச் சுமார் 22 கிலோமீட்டர். அங்கே இறங்கி, சிதம்பரம் போகும் பஸ்ஸோ டவுன் பஸ்ஸோ பிடித்து ஊரைக் கடந்து சிப்காட் போக வேண்டும். காத்திருப்பதையும் சேர்த்தால் ஒரு வழிக்கு ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நேரடி ரயில் பாதை கிடையாது. புதுச்சேரி ரயில் விழுப்புரம் போய்த்தான் எந்தப் பக்கமும் திரும்பும். உங்கள் ஊருக்கோ முதுநகரில் இருந்தே பாதை இருக்கிறது. சேலத்தில் இருந்து விருத்தாசலம், நெய்வேலி வழியாக வரும் ரயில் பாதை கடலூர் துறைமுகம் சந்திப்பில் வந்து சேர்கிறது. அந்தச் சந்திப்பு முதுநகரில்தான்.

தூரத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதை என் அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

1996-இல் நானும் மாணவனாகத்தான் இங்கே வந்தேன். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அறை எடுத்தோம். காலையில் இரண்டு பஸ் மாறி ஆலை வாசலில் இறங்க ஒன்பதரை ஆகும். ஐந்து மணிக்குக் கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் அறைக்குப் போக முடியும். பகலில் அலுவலக அறையில் உட்கார வைத்து, செயல்முறை வரைபடத்தைக் கையில் கொடுத்து "படிச்சுக்கிட்டு இருங்க" என்பார்கள். படித்தோம். நாற்பது நாள் ஆகியும் அந்த வரைபடத்தில் உள்ள கோடுகளைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. வேதிவினை நடக்கும் கலன்களில், மூன்றாம் எண் ரியாக்டர் எங்கே இருக்கிறது என்று தெரியும். அது எப்படி இருக்கிறது என்று தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் திடீரென்று பஸ் ஓடவில்லை. மூத்த ஆபரேட்டர் ஒருவர் பச்சையாங்குப்பத்தில் இருந்த தன் வீட்டுக்கு என்னை அழைத்துப் போனார். அவர் மனைவி மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார். திண்ணையில் பாய் விரித்துத் தூங்கினேன். மறுநாள் அவருக்குக் காலை ஷிப்ட். ஐந்தரைக்கு என்னை சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கொண்டு ஆலைக்கு வந்தார். ஆறு மணிக்கு ரிலீவர் மாறும் நேரம். இரவெல்லாம் கண் விழித்த ஆபரேட்டர் லாக் புக்கை அவர் பக்கம் தள்ளிவிட்டு, புத்தகத்தைப் பார்க்காமலே பேசினார்:

"அண்ணே, மூணாம் நம்பர் இப்பல்லாம் ரொம்ப சூடு காட்டுது. சொட்டைக் குறைச்சுக்கிட்டே வந்தேன். விட்டு முடிக்க மணி நாலு ஆயிடுச்சு. அடுத்த பேட்ச் போடுறதுக்கு முன்னாடி ஜாக்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்க."

அவர் போன பிறகு நான் லாக் புக்கை எடுத்துப் பார்த்தேன். மணிக்கு மணி வெப்பநிலை எழுதியிருந்தது. எட்டு, ஒன்பது, ஒன்பது, எட்டு. வரம்பு பத்து டிகிரி. ஒரு மணி நேரத்தில்கூட வரம்பு மீறவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் பார்க்கிறவருக்கு மூன்றாம் எண் ரியாக்டரில் ஒரு குறையும் தெரியாது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த வினை வெப்பத்தை வெளிவிடும் வினை. ஒரு பொருளை மேலே இருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விடும்போது எழும் சூட்டை, ரியாக்டரைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டில் ஓடும் பிரைன் என்ற குளிர்ந்த உப்புநீர் எடுத்துப் போகும். ஜாக்கெட்டின் உள்சுவரில் துருவும் உப்பும் படியப் படிய வெப்பம் கடத்தும் திறன் குறைகிறது. நீங்கள் வகுப்பில் படித்த மொத்த வெப்பப் பரிமாற்றக் கெழு இதுதான். கெழு குறைந்தால் வெப்பநிலை ஏற வேண்டும். ஆனால் ஏறவில்லை. ஏனென்றால் ஆபரேட்டர் ஏற விடவில்லை. அவர் சொட்டின் வேகத்தைக் குறைத்துவிட்டார். கோளாறு வெப்பநிலை என்ற கட்டத்தில் தெரியாமல், பொருளை விட்டு முடிக்க எடுத்த நேரம் என்ற கட்டத்துக்குப் போய் ஒளிந்துகொண்டது. ஒவ்வொரு தடவை பொருள் தயாரிக்கும்போதும் எழுதி வைக்கும் பழைய பேட்ச் ஷீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஐந்து மணி நேரத்தில் முடிந்த வேலை, ஆறு, ஆறரை என்று ஏறி ஏழரை மணி நேரத்துக்கு வந்திருந்தது. நாலைந்து நாளுக்கு ஒரு தடவை பத்துப் பதினைந்து நிமிடம் கூடியதால் யார் கண்ணிலும் உறுத்தவில்லை.

கட்டுப்படுத்தப்படும் அளவு எப்போதும் சரியாகத்தான் இருக்கும், அதைச் சரியாக வைக்க எது மாறிக்கொண்டே இருக்கிறது என்று பார். இந்த ஒரு பாடம் இத்தனை வருடம் எனக்குச் சோறு போட்டது. அது ஆறு மணிக்கு, இரண்டு ஆபரேட்டர்கள் பேசிக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில் கிடைத்தது. நான் அடுத்த வாரமே முதுநகருக்கு அறை மாறிவிட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், அறையை ஷிப்ட் நேரத்தை வைத்துத் தேடுங்கள். இங்கே பெரும்பாலும் 6, 2, 10 என்று மாறும். உங்கள் ஆலையில் எப்படி என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மாணவர்களை ஜெனரல் ஷிப்டில்தான் போடுவார்கள். இரண்டு வாரம் ஒழுங்காக வந்து போய், உங்கள் முகம் பழகிய பிறகு, வழிகாட்டும் பொறியாளரிடம் "சார், வாரத்தில் ரெண்டு நாள் காலை ஷிப்ட் ஆரம்பத்தில் வந்து நின்று பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நான் பார்த்த வரையில் இதற்கு மறுப்புச் சொன்னவர்கள் குறைவு. இரண்டு மணிக்கும் ஷிப்ட் மாறும், அது ஜெனரல் ஷிப்ட் நேரத்துக்குள்ளேயே வருகிறது, அதற்கு யாரிடமும் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் ஆறு மணிக்கு நடப்பதற்கு ஒரு தனி அருமை உண்டு. இரவில் மேனேஜர்கள் இல்லாதபோது ஆபரேட்டர்கள் தாங்களாகவே சமாளித்த கதைகள் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

அந்த நேரத்தில் நீங்கள் பேசாதீர்கள். கேள்வி வந்தால் மனதில் வைத்துக்கொண்டு, வேலை கொஞ்சம் ஓய்ந்து டீ வரும்போது கேளுங்கள். ஆபரேட்டர்களை "அண்ணே" என்று கூப்பிடுங்கள். அவர்களில் பலர் ஐ.டி.ஐ.யோ டிப்ளமாவோ படித்தவர்கள், சிலர் அதுவும் இல்லாதவர்கள். பம்பின் சத்தத்தை வைத்தே அதற்குள் திரவம் ஆவிக் குமிழிகளாகி உடைகிறது என்று சொல்லிவிடுவார்கள். அதை நீங்கள் பாடத்தில் கேவிடேஷன் என்று படித்திருப்பீர்கள். அதன் சத்தம், கூழாங்கல்லை டப்பாவில் போட்டுக் குலுக்குவது போல இருக்கும் என்பதை அவர்தான் காட்டித் தருவார். "அது எங்களுக்குத் தெரியும்ணே, படிச்சிருக்கோம்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அப்புறம் எதையும் காட்ட மாட்டார்.

புராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலைய வேண்டாம். பெரிய தலைப்பு எடுக்கிற மாணவர்கள் கடைசியில் இணையத்தில் இருந்து எடுத்த பக்கங்களைக் கோர்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஒரே ஒரு கருவி, ஒரே ஒரு கேள்வி போதும். முடிந்த முப்பது பேட்சுகளின் நேரத்தை வரிசையாக வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். சுழற்றித் திரவத்தைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜில் ஒரு லோடுக்கு எவ்வளவு நேரம், டிரையரில் ஈரப்பதம் இறங்க எவ்வளவு நேரம், கரைப்பானை மீட்கும்போது போட்டதில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது, எதுவானாலும் சரி. எந்த நாளில் இருந்து கோடு மேலே போகிறது என்று கண்டுபிடித்து, அந்த நாளில் என்ன நடந்தது என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள். காரணம் பெரும்பாலும் அவர் வாயில் தயாராக இருக்கும். யாரும் இதுவரை கேட்டிருக்க மாட்டார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. பேட்ச் ஷீட்டின் நகலையோ போட்டோவையோ வெளியே கொண்டு வராதீர்கள். மருந்து ஆலைகளில் செயல்முறை என்பது அவர்களுடைய சொத்து. பல இடங்களில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பொருளின் பெயருக்குப் பதில் அ, ஆ என்று குறியீடு போட்டு, எண்களை ஆலை அனுமதிக்கும் வடிவத்தில் மட்டும் எழுதுங்கள். கல்லூரியில் கொடுப்பதற்கு மூன்று வாரம் முன்பே ரிப்போர்ட்டை வழிகாட்டியிடம் கொடுத்து ஒப்புதல் வாங்கிவிடுங்கள். கடைசி நாளில் கையெழுத்துக்காக அலைந்து அழுத மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது பாதுகாப்பு. இதை நீங்கள் மிகவும் கவனமாகப் படிக்க வேண்டும்.

முதல் நாள் பாதுகாப்பு வகுப்பு நடக்கும். ஹெல்மெட், கண்ணாடி, ஷூ எல்லாம் சொல்வார்கள். அதெல்லாம் சரி. நீங்கள் ஆலைக்குள் கால் வைத்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், உயரத்தில் கட்டியிருக்கும் காற்றுப் பையைப் பார்ப்பது. விண்ட் சாக் என்பார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அது காட்டும். வாயு கசிந்து சைரன் ஊதினால் எல்லோரும் ஓடுகிற பக்கம் கண்ணை மூடிக்கொண்டு ஓடக்கூடாது. காற்று போகிற திசையில் ஓடினால் வாயுவும் உங்களோடு சேர்ந்து வரும். காற்றுக்குக் குறுக்காக நகர்ந்து, பிறகு காற்று வரும் பக்கம் போய், கூடுமிடத்தில் நில்லுங்கள். கடலூரில் காலையில் தரையில் இருந்து அடிக்கும் காற்று மதியத்தில் கடலில் இருந்து அடிக்கத் தொடங்கும். காலையில் பார்த்த திசை சாயங்காலத்துக்குப் பொருந்தாது. அதனால் ஒவ்வொரு தடவை வெளியே வரும்போதும் அந்தப் பையை ஒரு பார்வை பாருங்கள்.

இரண்டாவது, வாடை. "நாற்றம் அடித்தால் கசிவு, அடிக்காவிட்டால் ஒன்றும் இல்லை" என்று நினைத்துவிடாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும். செறிவு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை நின்றுவிட்டது என்பது அங்கே ஆபத்து கூடிவிட்டது என்பதாகவும் இருக்கலாம். நைட்ரஜனுக்கு வாடையே கிடையாது, அது நிரம்பினால் ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். நாம் சுவாசிக்கும் காற்றில் சுமார் 21 சதவீதம் ஆக்சிஜன். அது 19.5-க்குக் கீழே போனாலே அந்த இடத்தைப் பாதுகாப்பற்றதாகக் கருதுவார்கள். நைட்ரஜன் நிரப்பி வைத்த தொட்டிக்குள் தலையை நீட்டிப் பார்த்தவர்கள் அப்படியே சரிந்து விழுந்த சம்பவங்கள் உலகம் முழுக்க உண்டு. அதைவிடக் கொடுமை, விழுந்தவரைத் தூக்கக் குதித்து அடுத்தடுத்து விழுந்தவர்கள். எந்தக் காரணத்துக்காகவும், யார் சொன்னாலும், ஒரு மாணவர் தொட்டிக்குள்ளோ ரியாக்டருக்குள்ளோ இறங்கக்கூடாது. எட்டிக்கூடப் பார்க்கக்கூடாது. உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் கத்துங்கள், சைரனை அடியுங்கள், நீங்கள் இறங்காதீர்கள். இதை உங்கள் மூன்று பேரிடமும் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது எனக்கு.

உங்கள் பிரிவில் கையாளும் ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் எம்.எஸ்.டி.எஸ். என்ற பாதுகாப்புத் தாள் இருக்கும். பதினாறு பகுதிகள். முதல் வாரத்தில் எல்லாவற்றையும் படிக்க முடியாது. நான்காம் பகுதி முதலுதவி, எட்டாம் பகுதி எதை அணிய வேண்டும், பத்தாம் பகுதி எதோடு சேர்ந்தால் ஆபத்து. இந்த மூன்றையும் முதலில் படியுங்கள். சட்டை பேன்ட் பருத்தியில் எடுத்து வாருங்கள். நைலான், பாலியஸ்டர் துணியில் நிலைமின்சாரம் சேரும், கரைப்பான் ஆவி இருக்கும் இடத்தில் ஒரு சின்னப் பொறி போதும்.

அடுத்து, ஆலைக்கு வெளியே. சிப்காட்டுக்கு வரும் மாணவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை, ஆனால் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்தப் பேட்டையைச் சுற்றிக் கிராமங்கள் இருக்கின்றன. காற்றும் நிலத்தடி நீரும் கெட்டுப்போனது பற்றி அந்த மக்கள் நெடுங்காலமாகப் போராடி வருகிறார்கள். 2004-இல் இருந்து அவர்களே வாளியும் பையும் வைத்துக் காற்று மாதிரி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மாசுக் குறியீடு போட்டபோது கடலூருக்கு 77.45 வந்தது. எழுபதைத் தாண்டினாலே கடுமையாக மாசடைந்த பகுதி என்று கணக்கு. உங்களுக்குச் சோறு போட்டு, அறை வாடகைக்குக் கொடுக்கும் மக்களில் சிலர் அந்தக் காற்றைச் சுவாசித்தவர்கள். டீக்கடையில் யாராவது "எந்த கம்பெனி தம்பி?" என்று கேட்டுவிட்டுக் கோபமாகப் பேசினால், வாதாடாமல் உட்கார்ந்து கேளுங்கள். பொறியாளராகப் போகிறவருக்கு அது பாடத்தின் ஒரு பாதி.

அதனால்தான், ஆறில் ஒரு பங்கு நாட்களையாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பிரிவில் செலவிடுங்கள் என்று எல்லா மாணவர்களிடமும் சொல்வேன். இ.டி.பி. என்றால் யாருக்கும் ஆர்வம் வராது. ஆனால் ஆலையில் எந்தப் பிரிவில் எது தப்பாக நடந்தாலும் அது கடைசியில் அங்கேதான் வந்து சேரும். கழிவுநீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் சி.ஓ.டி. அளவு திடீரென்று ஒரு நாள் எகிறினால், எந்தப் பிரிவில் கரைப்பான் கொட்டியது என்று அங்கே இருப்பவர் தேடத் தொடங்குவார். அவரோடு சேர்ந்து நடந்து பாருங்கள், ஒரே நாளில் முழு ஆலையும் புரியும். கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று அளக்கும் பி.ஓ.டி. சோதனையை ஆய்வகத்தில் எப்படிச் செய்கிறார்கள் என்றும் பாருங்கள். உங்கள் புத்தகத்தில் 20 டிகிரியில் 5 நாள் என்று இருக்கும். இங்கே 27 டிகிரியில் 3 நாள் வைப்பார்கள். நம் ஊர் வெயிலுக்கு ஏற்ப நம் நாட்டுத் தரநிலை அப்படி.

கூட வரும் மாணவிக்கு: முதுநகரை விடத் திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம் பக்கம் பெண்கள் விடுதி கிடைப்பது எளிது. சிதம்பரம் பக்கம் போகும் பஸ் வசதியும் அங்கிருந்து நன்றாக உண்டு. விடுதியில் சேரும் முன்பே, விடியற்காலையில் வாசல் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேளுங்கள். பணியாளர் வேன் அந்த வழியாகப் போகிறதா, மாணவர்களை அதில் ஏற்றுவார்களா என்பதை மனிதவளத் துறையிடம் எழுதிக் கேளுங்கள். பல ஆலைகளில் ஏற்றுவார்கள். அது கிடைத்துவிட்டால் ஆறு மணி ஷிப்ட் அவருக்கும் சாத்தியம். கிடைக்காவிட்டால் இருட்டில் தனியாகச் சாலையில் நின்று பஸ் பிடிக்க வேண்டாம், இரண்டு மணிக்கு நடப்பதை விடாமல் பார்த்தாலே நிறையக் கிடைக்கும். பெண் என்பதற்காகக் கணினி முன்னால் உட்கார வைத்து டைப் அடிக்கச் சொல்வது சில இடங்களில் நடக்கிறது. முதல் வாரத்திலேயே "எனக்கும் பிளான்ட்டில்தான் வேலை கொடுங்கள்" என்று மூன்று பேரும் சேர்ந்து கேளுங்கள்.

புதுச்சேரிக்குப் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். பெண்ணையாற்றைத் தாண்டியதும் எல்லை வந்துவிடும், நடுவே தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடப்பதைக் கடைப் பலகைகளில் பார்க்கலாம். ரோமன் ரோலண்ட் நூலகம் 1827-இல் தொடங்கியது. பாரதியார் 1908 முதல் பத்து வருடம் வாழ்ந்த ஊர் அது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகள் கிடையாது, கடலைப் பார்த்துக்கொண்டு நடக்கலாம். ஆனால் மது மலிவு என்பதற்காகப் போகாதீர்கள். அங்கிருந்து பாட்டில் எடுத்து வருவது இங்கே குற்றம், எல்லையில் சோதனை இருக்கும். அதைவிட முக்கியம், முந்தின இரவு குடித்த தள்ளாட்டத்தோடு கரைப்பான் ஓடும் குழாய்களுக்கு நடுவில் நடக்கவே கூடாது.

சாப்பாட்டுக்கு முதுநகரில் குறை இருக்காது. துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் மெஸ்ஸில்கூட மீன் நன்றாக இருக்கும். சைவம் என்றால் திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயிலைச் சுற்றிப் பாருங்கள். நீங்கள் வரும் ஜனவரியில், தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா நடக்கும். சுற்று வட்டாரத்துச் சாமிகள் எல்லாம் ஆற்றுக்கு வரும், கரை முழுக்கச் சுருளிக்கிழங்கு விற்பார்கள். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் தீர்த்தவாரி. ஆபரேட்டர் யாராவது "தம்பி, எங்களோட வாங்க" என்று கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வெயிலோடு சேர்ந்து புழுக்கம் வரும். சேலத்து வெயில் பழகிய உங்களுக்கு இந்த ஈரப் புழுக்கம் புதிதாக இருக்கும். பாய்லர் பக்கம் வேலை என்றால் உப்புப் போட்ட மோரை விடாதீர்கள்.

காகிதங்கள் விஷயம். கல்லூரியின் போனஃபைடு சான்று, தடையில்லாக் கடிதம், மருத்துவத் தகுதிச் சான்று, விபத்துக் காப்பீடு ஆகியவற்றைப் பெரும்பாலான ஆலைகள் கேட்கும். காப்பீடு கேட்பதற்குக் காரணம், மாணவர் ஆலையின் ஊழியர் அல்ல, தொழிலாளர்களுக்கான ஈ.எஸ்.ஐ. காப்பீடு அவரைக் காக்காது. வங்கிக் கணக்கு வழியாக வருடத்துக்கு 20 ரூபாய் கட்டினால் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் மத்திய அரசின் சுரக்ஷா பீமா திட்டம் 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கு உண்டு. அதை இப்போதே போட்டுவிடுங்கள். அது போதுமா, கூடுதல் தொகைக்கு வேறு பாலிசி வேண்டுமா என்று ஆலையில் கேட்டுக்கொள்ளுங்கள். உதவித்தொகை உண்டா என்பதையும் வெட்கப்படாமல் இப்போதே எழுத்தில் கேளுங்கள். இல்லை என்று தெரிந்தால் வீட்டில் சொல்லி நான்கு மாதச் செலவுக்கு ஏற்பாடு செய்ய நேரம் இருக்கும். கேன்டீன் சாப்பாடு மாணவர்களுக்கும் கிடைக்குமா என்று கேளுங்கள், செலவில் பெரிய பாகம் அதில் குறையும்.

இன்டர்ன்ஷிப் வாங்கித் தருகிறேன், சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் இடைத்தரகர்களுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஆலைக்கு வராமலே சான்றிதழ் தருவதாகச் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அறை பார்க்க ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். ஒரு வேலை நாளில் வாருங்கள். முந்தின நாள் மாலையே வந்து முதுநகரில் ஒரு லாட்ஜில் தங்கிவிட்டு, காலை ஐந்து மணிக்கு நீங்கள் பார்த்து வைத்த அறையின் வாசலில் இருந்து மெயின் ரோட்டுக்கு நடந்து பாருங்கள். தெருவில் விளக்கு எரிகிறதா, நாய்கள் விடுகின்றனவா, சிதம்பரம் பக்கம் முதல் பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, எந்த ஆலை வேன் எந்த முனையில் நிற்கிறது என்று கவனியுங்கள். அந்த முனையில் டிபன் பாக்ஸோடு நிற்பவர்களிடம் உங்கள் ஆலையின் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். அவர்களில் ஒருவருக்கு அந்தத் தெருவிலேயே நல்ல அறை தெரிந்திருக்கும். வீட்டுக்காரரிடம் அவரே வந்து பேசிக் கொடுப்பார், அட்வான்ஸும் குறையும்.